கெபுவேலியின் இரண்டு வீட்டு ஒயர்

தென்கடல் நடுவில் இருக்கிற எங்கள் வவாவுத் தீவில் டிவி கிடைப்பது ஒரு பெரிய விஷயமே இல்லை. ஆக்லாந்தில் இருக்கிற மகனோ மச்சானோ மரப்பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பிவிடுவான். பெட்டியைத் திறந்த பிறகுதான் கூத்து ஆரம்பிக்கும். உள்ளே டிவி ஒன்று இருக்கும், அதைச் சுற்றி ஒயர்கள் குப்பையாகச் சுருண்டு கிடக்கும். பாதி ஒயர் அந்த டிவியுடையதாகவே இருக்காது. வீட்டு மூலையில் கிடந்ததை எல்லாம் வாரிப் போட்டு அனுப்பியிருப்பான் மகராசன். எது எந்த ஓட்டைக்கு என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அப்போது ஊரில் எல்லார் வாயிலும் வருவது ஒரே பேச்சுதான்: "கெபுவைக் கூப்பிடு."

கெபுவேலி எங்கள் பக்கத்து வளவுக்காரன். நான் மாலியா, ரோட்டோரத்தில் கம்பிவலை அடித்த சின்னக் கடை வைத்திருக்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தாலும் கடையில் உட்கார்ந்தபடியே எனக்குத் தெரிந்துவிடும் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிரில் மண் விழுந்த கதைதான் இது.

ஆள் வாசல் நிறைய இருப்பான், குரல் மட்டும் வெளியே வராது. கோயிலில் பாட்டுக் குழுவின் கடைசி வரிசையில் நின்று அடிக்குரலில் பாடுவான். காவா என்கிற வேர்ச்சாறு குடிக்க ஆம்பிளைகள் வட்டமாக உட்கார்ந்தால் வாசல் ஓரமாகத்தான் இவன் இடம். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. சில வருஷம் நியூசிலாந்துக்கு ஆப்பிள் பறிக்கப் போய் வந்தான். மற்றவர்கள் அங்கிருந்து ஷூவும் ஜாக்கெட்டும் கொண்டுவந்தார்கள், இவன் ஒயர் ஞானத்தைக் கொண்டுவந்தான். தோட்டத்து ஆட்கள் தங்கும் கொட்டகையில் ஒரு கிழட்டு டிவி இருந்ததாம். தினமும் யாராவது அதை அவிழ்த்து மாட்டிக் கெடுப்பார்களாம், இவன் சரி பண்ணுவானாம். அப்படியே பழகிவிட்டது.

எங்கள் வீட்டுக்கும் அவன்தான் வந்தான். என் வீட்டுக்காரர் ஃபெலெத்தி மஞ்சள் ஒயரைக் கொண்டுபோய்ப் பச்சை ஓட்டையில் சொருகிவிட்டார். படம் கறுப்பு வெள்ளையாக வந்தது. பழைய காலத்துப் படம் போலிருக்கிறது என்று நாங்களும் ரொம்ப நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். கெபுவேலி வந்து பின்னால் எட்டிப் பார்த்தான்.

"அண்ணி, மஞ்சள் கண்ணு. சிவப்பும் வெள்ளையும் காது. இந்தப் பச்சை ஓட்டை வேற ஒயருக்கு, பச்சை நீலம் சிவப்புன்னு மூணு சேர்ந்து வரும். அது வீட்டுல கண்ணைக் கொண்டுபோய் வாடகைக்கு வெச்சா அது கலரா குடுக்கும்?"

"இவ்வளவு நாளா கறுப்பு வெள்ளையாத்தான் பாத்தோம், கெபு. அந்த நடிகைக்கு நீலச் சட்டையா சிவப்புச் சட்டையான்னு இவரு எங்கிட்ட சண்டை வேற போட்டாரு."

சிரித்துக்கொண்டே மாற்றிச் சொருகினான். ஒரு காசு கூலி வாங்க மாட்டான். ஒரு டின் மாட்டிறைச்சி கொடுத்தால், "அக்கா வீட்டுல குடுத்துடுங்க" என்று போய்விடுவான்.

அக்கா என்றால் லாவினியா. புருஷனைக் கடலில் பறிகொடுத்துவிட்டு, கைக்குழந்தை சியாலேயோடு அப்பன் வீட்டுக்கே வந்தவள். பெரிய வீட்டில் அவளும் மகளும். முற்றத்துக்கு அந்தப் பக்கம், பலாமரத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சின்னக் குடிசையில் கெபுவேலி. எங்களில் வயசுக்கு வந்த தம்பி அக்கா இருக்கிற கூரைக்கடியில் தூங்க மாட்டான். அவள் இருக்கும் அறைக்குள் நுழைய மாட்டான். அவள் காதில் விழும்படி ஒரு பச்சைப் பேச்சு, ஒரு காதல் பேச்சு பேச மாட்டான். அக்கா உயரம், தம்பி தாழ்வு. ஒரே அறையில் உட்கார்ந்து சினிமா பார்ப்பதா? சிவ சிவா என்று நீங்கள் சொல்வீர்கள், நாங்கள் வேறு மாதிரி சொல்வோம், காதைப் பொத்திக்கொள்வது மட்டும் ஒன்றுதான்.

அதனால் டிவி வந்த வீட்டில் எல்லாம் சண்டை. அக்கா உள்ளே வந்தால் தம்பி எழுந்து வெளியே போவான். தம்பி இருமிக்கொண்டு வாசலில் நின்றால் அக்கா எழுந்து சமையல்கட்டுக்குப் போவாள். ஒருத்தரும் ஒரு படத்தை முழுசாகப் பார்த்ததில்லை. கெபுவேலிதான் இதற்கு வழி பண்ணினான். ப்ளேயரைத் தன் குடிசையில் வைத்தான். மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயரை இரண்டாகப் பிரித்து ஒன்றைத் தன் டிவிக்கும், இன்னொன்றை நீளமாக இழுத்து, பலாமரத்துக் கிளை மேலே கொண்டுபோய், பெரிய வீட்டு ஜன்னல் வழியாக அக்கா டிவிக்கும் கொடுத்தான். ஒரே படம், இரண்டு வீடு. வேடிக்கையான இடம் வந்தால் முற்றத்துக்கு இந்தப் பக்கம் லாவினியா சிரிப்பாள், அந்தப் பக்கம் அவன் சிரிப்பான். ஊரில் பாதிப் பேர் தங்கள் வீட்டுக்கும் இதே மாதிரி இழுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். இரண்டு வீட்டு ஒயர் என்று அதற்குப் பேரே வந்துவிட்டது.

இதில் இன்னொன்று. எந்தப் படமானாலும் முதலில் அவன் தனியாகப் போட்டுப் பார்த்துவிடுவான். முத்தம், படுக்கை என்று எங்கே வருகிறது என்று மனசில் வைத்துக்கொள்வான். எல்லாரும் பார்க்கும்போது அந்த இடம் நெருங்கினால் அக்கா வீட்டுக்குப் போகிற மூணு ஒயரையும் சட்டென்று பிடுங்கிவிடுவான். எங்கள் திரை கறுத்துப்போகும், சத்தமும் இருக்காது. அறையில் இருக்கிற பெண்டுகள் எல்லாம் கூவுவார்கள்: "ஆரம்பிச்சுட்டான்யா அங்க! எப்படா முடிப்பான்?" லாவினியா மட்டும் பாய் முடைகிற கையைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். காது சிவந்திருக்கும். பிறகு ஒயர் திரும்ப ஏறும், படம் வரும், யாராவது துப்பாக்கியோடு ஓடிக்கொண்டிருப்பான்.

அப்படி ஒழுங்காக இருந்த தம்பி. ஊரில் ஆம்பிளைப் பிள்ளை பெற்றவர்கள் எல்லாம், "கெபு மாதிரி இரு" என்று சொல்லி வளர்த்தார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், விழுந்தவன் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

போன வருஷம் சியாலேக்கு மாப்பிள்ளை அமைந்தது. தெற்குக் கரை ஊர்ப் பையன். அவன் அம்மா கோயில் காரியங்களில் முன்னால் நிற்கிறவள், ரொம்பக் கண்டிப்பு. கெபுவேலிக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெண்ணை வளர்த்தவன் அவன்தானே. கல்யாணத்தன்று தாய்மாமன்தான் குழியடுப்பில் பன்றி சுட்டு, அதை முழுசாகச் சுமந்து வந்து, மணப்பெண் முன்னால் வைத்துத் தலை குனிந்து நிற்க வேண்டும். அதற்கென்றே ஒரு பன்றியைத் தேங்காய் போட்டு வளர்த்தான். அது அவனை விடக் கொழுத்திருந்தது. "அண்ணி, இதை நான் தூக்கிட்டு உள்ள போறப்ப அக்கா ஒரு ஓரமா நின்னு பாத்தா போதும்" என்பான். வேறு ஒன்றும் அவன் இந்த உலகத்தில் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆக்லாந்திலிருந்து லாவினியாவின் கொழுந்தன் ஒரு புது டிவி அனுப்பினான். சுவரில் பாதி அகலம். பின்னால் திருப்பிப் பார்த்தால் மஞ்சள் ஓட்டை, சிவப்பு ஓட்டை ஒன்றும் இல்லை. தட்டையான எச்.டி.எம்.ஐ. வாய்கள் மட்டும். கெபுவேலி நெயாஃபு டவுனுக்குப் போய், புது ப்ளேயர், நீள எச்.டி.எம்.ஐ. ஒயர், ஒரு வாயில் போட்டால் இரண்டு வாயில் வருகிற சின்னப் பெட்டி எல்லாம் வாங்கி வந்து மாட்டினான். படம் கண்ணாடி மாதிரி வந்தது. ஆனால் அவனுக்கு ஒரு குறை.

"இது பழைய மஞ்சள் மாதிரி இல்ல அண்ணி. பிடுங்கிட்டுத் திரும்பச் சொருகினா உடனே வர மாட்டேங்குது. யோசிச்சு யோசிச்சு வருது. அதுக்குள்ள கதையே முடிஞ்சிடும்."

"அப்ப முத்தக் காட்சிக்கு என்ன பண்ணுவ?"

"நான் குரல் குடுக்கறப்ப யாராவது அக்கா டிவியை ரிமோட்டுல ஆன்டெனாவுக்கு மாத்தி வெச்சிட்டா போச்சு. ஆன்டெனாவுல இருக்கிற வரைக்கும் என் ப்ளேயர்ல இருந்து ஒண்ணும் அங்க போகாது."

பழைய ஒயருக்கு அது சரி. டிவியை எங்கே வைத்தாயோ அங்கேயே கிடக்கும். புதுசுக்கும் அப்படித்தான் என்று நினைத்தான். கேட்ட நானும் தலையாட்டினேன், எனக்கென்ன தெரியும்.

மாப்பிள்ளை வீட்டார் பேச்சு முடிக்க வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். பெரிய வீட்டில் பெண்கள். நடுவில் நாற்காலியில் லூப்பே அத்தை, கெபுவேலிக்கும் லாவினியாவுக்கும் அப்பாவுடன் பிறந்தவள். அந்தக் குடும்பத்தில் அவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அவளுக்குப் பக்கத்தில் சம்பந்தியம்மா, போதகர் மனைவி, நான். பின்னால் சமையல்கட்டு வாசலோரம் லாவினியா. சியாலே உள்ளறையில் உடுத்திக்கொண்டிருந்தாள். டிவியில் தலைநகரிலிருந்து கோயில் பாட்டுப் போட்டி ஓடிக்கொண்டிருந்தது, ஆன்டெனாவில். வெயில் திரையில் அடிக்கிறது என்று ஜன்னல் துணிகளை இழுத்துவிட்டிருந்தோம், அறை மங்கலாக இருந்தது.

குடிசையில் ஆம்பிளைகள். மாப்பிள்ளையின் சித்தப்பன்மார், என் வீட்டுக்காரர். இந்தப் பெரிய மனுஷர் நெயாஃபுச் சந்தையில் ஒரு டிஸ்க் வாங்கிக்கொண்டு போயிருந்தார். "சண்டைப் படம்டா, சும்மா போடு" என்றிருக்கிறார். கெபுவேலி போட்டுப் பார்க்காத படம். ஆனால் விருந்தாளிகள் காத்திருக்கிறார்கள், அக்கா டிவிதான் ஆன்டெனாவில் இருக்கிறதே என்று ப்ளேயரை அமுக்கிவிட்டு, காவா கரைக்கப் பெரிய வீட்டுப் பின்பக்கத் தொட்டியில் தண்ணீர் எடுக்க வாளியோடு வெளியே போனான்.

இங்கே பாட்டுக் குழு வாயைத் திறந்து நின்றது. அப்படியே மறைந்தது. யாரும் ரிமோட்டைத் தொடவில்லை. திரை தானாக மாறி, ஒரு கட்டில், ஒரு ஆம்பிளை, ஒரு பொம்பளை. போர்வை இருந்தது, அந்த மட்டும் புண்ணியம். சத்தம் வேறு. அப்புறம் யாரோ கதவைத் தட்ட, அந்த ஆள் பதறி எழுந்து, கால்சட்டைக்குப் பதில் அவள் பாவாடையில் காலை விட்டுக்கொண்டு கட்டிலடியில் விழுந்தான்.

அப்போது அந்த மங்கலில் யாரோ சிரித்தார்கள். பெரிய சிரிப்பில்லை, வாயைப் பொத்தியும் மூக்கு வழியாகத் தப்பித்த சிரிப்பு.

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. இது குடிசையிலிருந்து வருகிறது. இதையே இந்த நிமிஷம் அங்கே தம்பி பார்க்கிறான், இங்கே அக்கா பார்க்கிறாள். அவன் வாளியோடு வெளியே போனது எங்களுக்கு எப்படித் தெரியும்? அட கடவுளே! படத்தில் வந்தது பெரிதில்லை, அதைவிட அசிங்கமெல்லாம் உலகத்தில் இருக்கிறது. இரண்டு பேரும் ஒன்றாகப் பார்த்தார்கள் என்பதுதான் உடம்பைக் கூசச் செய்தது. போதகர் மனைவி முகத்தை மூடிக்கொண்டாள். நான் ரிமோட்டைத் தேடினேன், காணோம். ப்ளக்கைப் பிடுங்க ஓடுவதற்குள் திரை கறுத்தது. திரும்பிப் பார்த்தால் லாவினியா இருந்த இடம் காலி, சமையல்கட்டுக் கதவு ஆடிக்கொண்டிருந்தது.

குடிசையில் நடந்ததை அப்புறம் ஃபெலெத்தி சொன்னார். கெபுவேலி வெறுங்கையோடு ஓடிவந்தானாம். முகத்தில் ரத்தமே இல்லையாம். ஒன்றும் பேசாமல் அந்தப் புது ஒயரைப் பெட்டியோடு சேர்த்துப் பிடுங்கி எறிந்தானாம்.

பெரிய வீட்டில் முதலில் பேசியது சம்பந்தியம்மாதான். மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் அறை நடுங்கியது.

"மிஷின் தப்பா வந்துடுச்சு. அது போகட்டும். மிஷினுக்கு மானம் ரோஷம் கிடையாது. ஆனா யாரோ சிரிச்சாங்களே, அது யாரு?"

எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு லூப்பே அத்தை பக்கம் திரும்பினாள்.

"அத்தை, நீங்க பெரியவங்க. இந்தக் கண்றாவிக்குச் சிரிக்கிற பொம்பளை இந்த வீட்டுல யாருன்னு தெரியாம நான் பொண்ணு எடுக்கறதா இல்ல."

லூப்பே அத்தை என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், நானில்லை. போதகர் மனைவியைப் பார்க்க முடியுமா? கல்யாணப் பேச்சு அங்கேயே முறிந்துவிடும் போலிருந்தது. உடுத்திக்கொண்டு வந்த சியாலே திரைச்சீலையைப் பிடித்தபடி நின்றாள், பாவம்.

வாசல் படிக்குக் கீழே மண்ணில் ஏதோ பொத்தென்று விழுந்த சத்தம் கேட்டது. கெபுவேலி. தலையை முழங்காலுக்கு நடுவில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

"அத்தை, சிரிச்சது நான்தான். பின்பக்கம் தண்ணித் தொட்டிகிட்ட நின்னுட்டிருந்தேன். ஜன்னல் துணிச் சந்துல எட்டிப் பாத்தேன். சிரிப்பு வந்துடுச்சு."

ஒயர் தப்பு பண்ணுவது வேறு. அக்கா உட்கார்ந்திருக்கிற அறையை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, அந்தப் படத்துக்குச் சிரிப்பது வேறு. சம்பந்தியம்மா நீளமாக மூச்சு விட்டாள். அவளுக்கு அது போதும். வெட்கம் கெட்டவன் ஒரு தாய்மாமன், பெண்ணும் பெண்ணைப் பெற்றவளும் சுத்தம். கல்யாணப் பேச்சு தொடர்ந்தது. லூப்பே அத்தை ஒரே வார்த்தையில் முடித்தாள்: "அன்னிக்கு இவன் கல்யாண வீட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. பன்னியை வேற யாராவது தூக்கட்டும்."

ஊர் பேசாமல் இருக்குமா? காவா வட்டத்தில் அவன் வந்தால் பக்கத்தில் இருப்பவன் நகர்ந்து உட்கார்ந்தான். பாட்டுக் குழுவில் அவன் வரிசைக்காரர்கள் அவனை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். ஆக்லாந்துப் பெட்டிகள் வந்துகொண்டுதான் இருந்தன, யாரும் கெபுவைக் கூப்பிடவில்லை. தப்பான ஓட்டையில் சொருகிக்கொண்டு கறுப்பு வெள்ளையாகவே பார்த்துத் தொலைத்தார்கள்.

டிவி அனுப்பிய கொழுந்தனிடம் ஃபெலெத்தி போனில் கேட்டபோது அவன் சர்வசாதாரணமாகச் சொன்னான்: "அது அப்படித்தான். புது ஒயர்ல ப்ளேயரை அமுக்கினா டிவிக்குத் தகவல் போயிடும், டிவி தானே அந்தப் பக்கம் மாறிக்கும். மெனுவுல அதை அணைச்சு வெக்கணும்." அணைச்சு வைக்கணுமாம்! அனுப்பும்போது அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னவாம். இதை நான் ஊர் முழுக்கச் சொன்னேன். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. "ஒயர் மாறினது சரி, சிரிச்சது ஒயரா?" என்று கேட்டார்கள்.

கெபுவேலி உப்பு வாங்கக் கடைக்கு வந்தபோது நான் விடவில்லை.

"ஏன்டா கெபு, உனக்கு அறிவு இருக்கா? எட்டித்தான் பாத்த, சிரிப்புத்தான் வந்துது, பல்லைக் கடிச்சிக்கிட்டு ஓட வேண்டியதுதானே? அதை வந்து சபையில வேற சொல்லணுமா? அக்காவைப் பாத்தியா? அன்னையிலிருந்து வெளியவே வரல. உன்னால அவ தலை நிமிர முடியல."

"ஆமா அண்ணி."

"ஆமாவா? வேற ஒண்ணுமில்லையா சொல்றதுக்கு?"

"உப்பு அண்ணி."

கம்பிவலை ஓட்டை வழியாக உப்புப் பொட்டலத்தை எறிந்தேன். குனிந்து பொறுக்கிக்கொண்டு போனான். முதுகு கூனிப் போயிருந்தது, எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவன் எங்கள் பழைய முறைப்படி மன்னிப்புக் கேட்க வந்தான். இடுப்பில் கிழிந்த பாய், கழுத்தில் இஃபி இலை மாலை. அரசர் முன்னால், தலைவர் முன்னால் பெருங்குற்றம் செய்தவர்கள் போட்டுக்கொள்கிற கோலம். அக்காவுக்காக ஒருவன் அதைப் போட்டு நான் பார்த்ததில்லை. பெரிய வீட்டு முற்றத்தில் வெயிலில் உட்கார்ந்தான். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் சிரித்தார்கள். லாவினியா ஜன்னலைச் சாத்தினாள்.

நான் பின்பக்கமாகப் போனேன். பாய் முடைந்துகொண்டிருந்தாள், ஆனால் கை நகரவில்லை.

"போய் ஒரு வார்த்தை சொல்லு லாவினியா. வெயிலு மண்டையைப் பிளக்குது. தம்பிதானே."

"நான் போகக் கூடாது மாலியா."

"கல்லா நீ?"

"ஆமா" என்றாள். அவளும் அதே ஆமா. அக்காவும் தம்பியும் எனக்கு வேறு பதிலே வைத்திருக்கவில்லை. கடைசியில் லூப்பே அத்தைதான் தடியை ஊன்றிக்கொண்டு வந்து இலை மாலையைக் கழற்றினாள். "எழுந்திரு. பன்னியை நீயே சுடு. ஆனா பின்பக்கம் இரு. உள்ள வராதே" என்றாள். அவன் அவள் பாதத்தைத் தொட்டுவிட்டு எழுந்து போனான்.

கல்யாணத்தன்று பெரிய வீடு நிறைய ஆட்கள். புது டிவியை மரப்பட்டைத் துணியால் மூடி மூலையில் தள்ளியிருந்தார்கள். எல்லாரும் கோயிலுக்குப் போனார்கள். கெபுவேலி போகவில்லை. எங்கள் வேலி ஓரத்தில் குழியடுப்பு வெட்டி, விடியும் முன்பே கல் காய வைத்து, அவன் வளர்த்த பன்றியை அவனே வெட்டிப் புதைத்திருந்தான். சாமை இலைப் பொட்டலங்கள் வெந்துவிட்டனவா என்று பார்க்க நான் போய் உட்கார்ந்தேன். அவனோடு பேச எனக்கு இஷ்டமில்லை, வேலைக்காகத்தான். அவனும் பேசவில்லை. கோயில் மணி அடித்தபோது மட்டும் கிளறுவதை நிறுத்திவிட்டு நின்றான்.

"சியாலே கையெழுத்துப் போட்டிருப்பாளா அண்ணி?"

"போட்டிருப்பா."

கோயிலிலிருந்து கூட்டம் திரும்பியதும் பன்றியை வெளியே எடுத்து வாழை இலையில் கிடத்தினான். நல்ல பொன்னிறம். மாப்பிள்ளையின் சித்தப்பன்மார் இருவர் வந்து தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். அவன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு அவர்கள் போகிற வழியையே பார்த்தான். உள்ளே பெண்கள் கூவிக் கைதட்டுவது கேட்டது. எனக்கு அப்போதும் மனசு இளகவில்லை, நல்லா வேணும் என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் லாவினியா வந்தாள். கல்யாணப் பாய் மடிப்பு மடிப்பாக இடுப்பைச் சுற்றி முழங்காலுக்குக் கீழே வரை கட்டியிருந்தாள். நடக்கிறபோது அது சரசரத்தது. மணப்பெண்ணின் அம்மா, அன்று அந்த வளவிலேயே உயர்ந்தவள், விருந்தை விட்டுவிட்டு, சாம்பலும் பன்றி மயிருமாகக் கிடக்கிற அடுப்படிக்கு வருகிறாள். தம்பி சட்டையில்லாமல் நிற்கிற இடத்துக்கு. கெபுவேலி பதறிப்போய்த் தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். அவள் குவியலுக்கு இந்தப் பக்கம் அவனுக்கு முதுகைக் காட்டி, நல்ல பாய் அழுக்காவதைக்கூடப் பார்க்காமல் மண்ணில் உட்கார்ந்தாள். நடுவில் நான்.

"மாலியா, கையெழுத்து ஆயிடுச்சு. இனிமே யாராலயும் அதைப் பிரிக்க முடியாது."

"ஆமா. சந்தோஷம்தானே?"

"என் தம்பிகிட்ட ஒண்ணு சொல்லு." இடுப்புப் பாயின் முடிச்சை இறுக்கிக்கொண்டாள். "அன்னிக்குச் சிரிச்சது நான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். சாம்பல் மாதிரி இருந்தது.

"அந்த ஆளு பாவாடைக்குள்ள காலை விட்டான் பாரு. என்ன ஏதுன்னு தெரியறதுக்குள்ள சிரிச்சுட்டேன். அப்புறம் சம்பந்தியம்மா கேட்டப்ப சமையல்கட்டுல நின்னுட்டிருந்தேன். நான்தான்னு சொல்லியிருந்தா என் மக வாழ்க்கை அன்னிக்கே போச்சு. வாயைப் பொத்திக்கிட்டேன். இவன் எதுக்குத் தான்தான்னு சொன்னான்னு எனக்குத் தெரியல, இவனும் எங்கயோ நின்னு சிரிச்சிருப்பான்னு நினைச்சேன். நினைச்சுக்கிட்டேன். அப்படி நினைச்சுக்கிட்டா எனக்குச் சுலபமா இருந்துச்சு. ஊரே அவனைக் காறித் துப்புச்சு, நான் ஜன்னலைச் சாத்திக்கிட்டேன். சொல்லு மாலியா. உன் அக்காவுக்கு வெட்கமா இருக்குன்னு சொல்லு."

உப்புப் பொட்டலத்தை எறிந்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டேன். நான் மட்டைக் குவியலைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தலை குனிந்து, குச்சியால் சாம்பலைக் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"கெபு" என்றேன். "அக்கா சொல்றா..."

"அக்காவை உள்ள போகச் சொல்லுங்க அண்ணி. விருந்துல தேடுவாங்க."

"டேய், அவ சொன்னது காதுல விழுந்துச்சா?"

உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது.

"நான் எட்டிப் பாக்கல அண்ணி. வாளியை நிரப்பிக்கிட்டிருந்தேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் படச் சத்தம் கேட்டுச்சு, நெஞ்சே நின்னுடுச்சு. அப்புறம் அந்தச் சிரிப்பு கேட்டுச்சு." குச்சியை ஒடித்துப் போட்டான். "அக்கா சிரிப்பு எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா சுவத்துக்கு இந்தப் பக்கத்துல இருந்து அதைத்தானே கேட்டுக்கிட்டிருக்கேன்."

அதை நான் அவளிடம் திருப்பிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. லாவினியா கல்யாணப் பாயின் ஓரத்தை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, விருந்துக்குள் போகாமல், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.